வீட்டைக் கொளுத்தும் பாட்டு

1

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மனியின் இந்த ஊரில் சத்தம் போடக் கூடாது. காலிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போட்டால்கூட யாராவது சன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். துணி துவைக்கிற மெஷினை ஓட்டலாமா வேண்டாமா என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மாதத்துக்கு ஒரு முறையாவது வாக்குவாதம் நடக்கும், அதுவும் குரலை உயர்த்தாமல். காதுகுத்து என்றால் நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி மைக் செட் கட்டுகிற விருத்தாசலத்தில் பிறந்தவள், பதினெட்டு வருடமாக ஞாயிறுதோறும் பூனை மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு மதியம் வாசல் மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மாள் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கண்டிப்பானவர், குப்பையைத் தவறான தொட்டியில் போட்டதற்காக என்னைப் பாடம் எடுத்துக் கொன்றவர். அன்றைக்கு முகம் வெளுத்திருந்தது. கையில் போன். குரலைத் தாழ்த்தி, நீங்களும் பெண்ணும் பத்திரமாக இருக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே ஒரு ஆள் வீட்டைக் கொளுத்தப்போவதாகக் கத்திக்கொண்டிருக்கிறானே, போலீஸைக் கூப்பிடட்டுமா என்றார்.

கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அந்தச் சத்தம் அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். என் மகள் இனியாவின் மேசையில், தண்ணீர்ப் பாட்டில்மேல் சாய்த்து வைத்த டேப்லெட்டுக்குள் என் தம்பி வேலு இருந்தான். விருத்தாசலத்தில், பனியனோடு, கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் இடி இடிக்கிற பாட்டோடு சேர்ந்து தொண்டை நரம்பு புடைக்க ஜெர்மனில் கத்திக்கொண்டிருந்தான். அடுப்படியைக் கொளுத்துவேன், படுக்கையறையைக் கொளுத்துவேன், படிக்கட்டைக் கொளுத்துவேன் என்று அறை அறையாகப் போகிற பாட்டு அது. இனியா எதிரில் உட்கார்ந்து தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார். உங்கள் தம்பிக்கு ஜெர்மன் தெரியுமா என்றார். தண்ணீருக்கு ஜெர்மனில் என்ன என்றுகூடத் தெரியாது என்றேன். உச்சரிப்பு நன்றாக இருக்கிறதே என்றார். என் உச்சரிப்பைப் பற்றி இத்தனை வருடத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு கேட்டார், புரியாமல் எதற்காகக் கேட்கிறார் என்று.

மேளம் பிடிக்கும் என்று எதையோ சொல்லி அனுப்பிவைத்தேன். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஊரிலிருக்கிற உங்களுக்கு அதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தபோது இந்த மொழி எனக்கு வெறும் சத்தம்தான், அதுவும் பயமுறுத்துகிற சத்தம். சென்னையில் மூன்று மாத வகுப்புக்குப் போய்ப் படித்ததெல்லாம் விமானத்திலேயே தங்கிவிட்டது போலிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னவோ கேட்பார். அவர் திட்டுகிறாரா விசாரிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருவேன். ஒரு முறை விசாவை நீட்டிக்க ‘பாதி எட்டு’க்கு வரச் சொன்னார்கள். பாதி எட்டு என்றால் இவர்களுக்கு ஏழரை. நான் எட்டரைக்குப் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மறுபடி தேதி வாங்க ஆறு வாரம் ஆனது.

அதைவிட மோசம், அதே அம்மாளை நான் ‘நீ’ என்று சொல்லித் தொலைத்தது. நம் பக்கத்தில் கீரை விற்க வருகிறவரைக்கூட ‘வாங்க, என்னா கீரைங்க’ என்றுதான் கேட்போம். அப்படி வளர்ந்த வாய் இது. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாதே.

பிறகு பழகிவிட்டது. விருத்தாசலத்தில் செராமிக் படித்திருந்தது கைகொடுத்தது. இங்கே பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் மெருகுப் பூச்சைப் பரிசோதிக்கிற வேலை கிடைத்தது. மண்ணும் சூளையும் எனக்குத் தெரிந்த விஷயங்கள், அதனால் அங்கே மொழிப் பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஆனால் பிடித்துப்போனது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் யாராவது சத்தமாக ஜெர்மன் பேசினால் என் தோள் தானாகக் குறுகும்.

3

என் தம்பி வேலுவுக்குக் கதை நேர்மாறு.

அவன் விருத்தாசலத்தில் ஃப்யூஸ் கேரியர் செய்கிற கம்பெனி ஒன்றில் அரவை மில் பார்க்கிறான். ஃப்யூஸ் கேரியர் என்றால் உங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருக்கிற அந்த வெள்ளைப் பீங்கான் துண்டுதான். ஆள் உயர இரும்பு உருளைக்குள் மண்ணையும் தண்ணீரையும் கூழாங்கல்லையும் போட்டு நாள் முழுக்கச் சுற்றவிடுவார்கள். அந்தக் கொட்டகையில் பக்கத்து ஆளோடு பேசுவதற்கே கையைக் காலை ஆட்ட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் நம் மெலடிப் பாட்டெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறான். புல்லாங்குழல், வயலின் எல்லாம் மில்லுச் சத்தத்தில் மாவாகிவிட்டன. அப்போது எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஒரு மொபைல் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். இங்கிலீஷ் பாட்டு கலந்து போடு என்று கேட்டு வாங்கிவந்ததில் நாலைந்து பாட்டு மட்டும் மில்லுக்கு அடங்கவில்லை. அவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். இரண்டு வருடம் அது இங்கிலீஷ் என்றே நினைத்திருக்கிறான்.

ஒரு நாள் நான் பேசும்போது பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அலுவலகத்துக் கண்ணாடி அம்மாளே வந்து நின்ற மாதிரி இருந்தது. டேய், அது ஜெர்மன்டா என்றேன். பாட்டின் சத்தத்தைக் குறைத்தான். அப்புறம் கேட்டான்.

“அப்படின்னா நீ இதுலதான் தினமும் பேசுறியாக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பேசுவது இவ்வளவு கம்பீரமாக இருக்காது என்றேன். அவன் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது அக்கா ஊர்ப் பாட்டு. கம்பெனியில் எல்லாரிடமும் சொல்லிவைத்தான். பாட்டுக்கு அர்த்தம் கேட்க மட்டும் மாட்டான். நானாகச் சொல்லவந்தாலும், வுடுக்கா, நல்லாத்தான இருக்குது, எதுக்கு அதப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு என்பான்.

என்னை அழவைத்த சத்தத்தை வைத்துக்கொண்டு அவன் நிம்மதியாகச் சோறு தின்றான். இதற்கு நான் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று பல நாள் தெரியவில்லை.

4

கீழ்வீட்டு அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தோன்றுகிற காரணங்கள் இவை. இசை தெரிந்தவர்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

இந்த மொழியில் பல சொற்கள் வல்லெழுத்தில் முடிகிறவை. ட் என்றும் க் என்றும் ச் என்றும் வெட்டி வெட்டி நிற்கும். அம்மி கொத்துகிறவர் உளியை வைத்துத் தட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் தனியாக விழும். பாடுகிறவர் மேளத்தோடு சண்டை போடுவதில்லை, அவர் வாயே இன்னொரு மேளம். அதோடு இந்த முரட்டுப் பாடகர்கள் ‘ர்’ என்ற எழுத்தை நாக்கால் உருட்டுவார்கள். இங்கே தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள். என் தம்பி நம் ஊர் நாக்கை வைத்து அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

இன்னொன்று. புரியாததைக் கேட்பது நமக்குப் புதுசா என்ன? ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் பம்பை அடித்துப் பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்று என்றைக்காவது நமக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறதா? பம்பை ஏறினதும் சொல்லெல்லாம் போய்விடும், அது போன பிறகுதான் எங்கள் பெரியம்மாவுக்குச் சாமி வரும். அர்த்தத்தைக் கேட்டுக்கொண்டு எந்தச் சாமியும் இறங்கியதில்லை. அய்யர் சொல்கிற மந்திரம், பஸ்ஸில் டிரைவர் போட்ட இந்திப் பாட்டு எல்லாம் அந்தக் கணக்குத்தான். புரிந்தால்தான் பிடிக்கும் என்றால் நம் பக்கத்தில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது.

ஒரு வாரம் கழித்துப் படிக்கட்டில் அந்த அம்மாளைப் பார்த்தபோது இதில் கொஞ்சத்தை என் ஜெர்மனில் சொன்னேன். அவர் யோசித்தார். சின்ன வயதில் நானும் இங்கிலீஷ் பாட்டாகவே கேட்டு வளர்ந்தவள்தான், ஒரு வரி புரியாது, கூடவே பாடுவேன் என்றார். பிறகு படித்துப் புரிந்துகொண்டீர்களா என்று கேட்டேன். படித்தேன், அதற்கப்புறம் பல பாட்டு பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

5

இனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் அவளுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் பேசினால் புரியும், ஜெர்மனில் பதில் சொல்வாள். நாலு வயது வரைக்கும் அழகாகப் பேசிக்கொண்டிருந்த தமிழ் பாலர் பள்ளிக்குப் போனதும் வற்றிவிட்டது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பதிமூன்று வயதுக்குப் பிறகு என்னோடு பேச்சே குறைந்தது. என்ன கேட்டாலும் ‘ஒன்றுமில்லை’. கதவு சாத்தியிருக்கும். ஊரிலிருந்து போன் வந்தால் ஹலோ சொல்லிவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள். வேலு அவளுக்குத் தாய்மாமன், ஒரே மாமன். அவனுக்குப் பிள்ளை இல்லை, இவள்தான் எல்லாம். ஆனால் அவன் ஊர்ப் பேச்சு அவளுக்கு முழுக்கப் பிடிபடாது, அவள் ஜெர்மன் அவனுக்குப் புரியாது, இரண்டு பேரும் பேச ஒரு மொழி இல்லை. எதுவானாலும் நான் நடுவில் நின்று மாற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பிள்ளைக்கும் அந்த வீட்டுக்கும் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்து நினைத்து நான் மருகியது கொஞ்சமில்லை.

போன வருடம் வேலு பெண்ணாடம் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டினான். புதுமனை புகுவிழாவுக்கு வந்தே ஆக வேண்டும் என்றான். இனியா வரமாட்டேன் என்றாள். இது ஒரு முறை மட்டும் வா, இனி உன்னைக் கூப்பிடவே மாட்டேன் என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன், என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே போயும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது என்று என் காதுபடப் பேசினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மாட்டை வீட்டுக்குள் ஓட்டிவந்து, ஹோமம் முடித்து, பால் காய்ச்சினார்கள். மைக் செட்டில் அதுவரைக்கும் சாமிப் பாட்டு. அய்யர் தட்சணை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினதுதான் தாமதம், வேலு தன் மெமரி கார்டை மைக் செட்டுக்காரரிடம் கொடுத்தான். முருங்கை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஒரு முறை கரகரத்தது. அப்புறம் தெருவே அதிர்கிற மாதிரி வந்தது, அடுப்படியைக் கொளுத்துவேன், படுக்கையறையைக் கொளுத்துவேன்.

புது வீட்டு வாசலில், மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, பந்தலில் இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற நூறு பேருக்கு நடுவில். யாரும் அசரவில்லை. வாண்டுகள் ஆடின. கருவேப்பிலங்குறிச்சிச் சித்தப்பா வடையைப் பிட்டுக்கொண்டே, கம்பீரமா இருக்குதே, எந்தச் சாமி பாட்டு இது என்று விசாரித்தார்.

நான் இனியாவைப் பார்த்தேன். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் அந்தப் பாட்டு புரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பாட்டு படிக்கட்டுக்குத் தீ வைக்க வந்தபோது அவள் தான் உட்கார்ந்திருந்த படியைக் குனிந்து பார்த்தாள். அவ்வளவுதான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன், அவள் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் நானும் என் மகளும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

சித்தப்பா விடவில்லை. இனியாவைக் கூப்பிட்டு, நீ அந்த ஊருல பொறந்த புள்ளதான, என்னா பாடுறாங்கன்னு சொல்லு பாப்பா என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேலுவும் பார்த்தான். அத்தனை வருடம் அர்த்தம் வேண்டாம் என்று இருந்தவனுக்கு ஊர் நடுவில் அர்த்தம் வரப்போகிறது. புது வேட்டியில், மாலையோடு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி நின்றான். நல்ல நாளும் அதுவுமாக வீட்டைக் கொளுத்துகிற பாட்டைப் போட்டான் என்று தெரிந்தால் அவன் மாமியார் ஒருவரே போதும், ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்.

இனியா அவன் முகத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

“வீட்ல அடுப்பு எரியணும். எப்பவும் எரியணும். அப்படின்னு பாடறாங்க.”

“பாத்தியா, பொருத்தமாத்தான் போட்டிருக்கான்” என்று சித்தப்பா அடுத்த வடைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்த பிறகு ஒரு நாள் வேலுவிடம் மெதுவாக உண்மையைச் சொன்னேன். அவன் சிரித்தான். அது அப்பவே தெரியும்க்கா, நீங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புலயே தெரிஞ்சி போச்சு என்றான். அப்புறம், எனக்காவ அந்தப் புள்ள பொய் சொன்னுச்சு பாரு என்றான்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி ஆரம்பித்தது. அவள் ஒரு பாட்டு போடுவாள், அவன் ஒரு பாட்டு போடுவான். பேச்சு ஒன்றும் கிடையாது. நடுவில் நிற்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

6

போன மாதம் வேலை இடைவேளையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வேலுவின் போன் வந்தது. அந்த நேரத்தில் அவன் கூப்பிட மாட்டான். எடுத்ததும், புள்ள என்னா பண்ணுது, சாப்ட்டுச்சா என்றான். ஸ்கூலில் இருப்பாள், ஏன் கேட்கிறாய் என்றேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

முந்தின நாள் சாயங்காலம், நான் வேலையில் இருந்து திரும்புவதற்கு முன்னால், இனியா அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். பாட்டு போடவில்லை. ஜெர்மனில் பேச ஆரம்பித்திருக்கிறாள். இவன் இரவு ஷிஃப்டில் இருந்தவன், மில்லுச் சத்தத்தில் கேட்காது என்று கொட்டகையை விட்டு வெளியே வந்து, ஃப்யூஸ் கேரியர்களைக் காயவைத்திருந்த பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டான். வெகுநேரம் பேசினாளாம். பேசப் பேச அழுதாளாம்.

என்னடா சொன்னாள் என்றேன். எனக்கு எப்படிக்கா தெரியும் என்றான். ஏதாவது பேர் சொன்னாளா, ஸ்கூல் என்றாளா, ஒரு வார்த்தைகூடவா காதில் விழவில்லை என்று பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன்.

“ஒண்ணும் புரியலக்கா. ஆனா வுட்டு வுட்டுத்தான் சொன்னுச்சு. அது நிறுத்துனப்பல்லாம் நான் ‘ம்’ கொட்டுனேன். மறுபடி சொன்னுச்சு. மறுபடி ‘ம்’ கொட்டுனேன். கடைசியில தேங்ஸ் மாமான்னுட்டு வச்சிடுச்சு.”

எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு மொழியும் தெரிந்த நான் ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரு சொல் தெரியாதவனைத் தேடிப்போய் அழுதிருக்கிறாளே. வீட்டுக்குப் போனதும் கேட்டுவிடுகிறேன் என்றேன்.

“வேணாங்க்கா. குடையாத. நீ கேட்டா உனக்கு எல்லாம் புரிஞ்சிடும். அதுக்குப் பயந்துதான் அது உன்கிட்ட சொல்லல.”

போனை வைத்த பிறகும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இடைவேளை முடிந்து கூட வேலை செய்கிறவள் வந்து தோளைத் தொட்டாள். நான் பெற்ற பிள்ளை ஒரு வார்த்தை சொல்வதற்குள் அதற்குப் பெயர் வைத்து, காரணம் கண்டுபிடித்து, புத்தியும் சொல்லி முடித்துவிடுகிறவள் நான். அவன் சொன்னது சரிதான். வலித்தது, ஆனாலும் அவன் இருக்கிறானே என்று அந்த இடத்திலேயே கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்து, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். இனியா வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்த கேள்விகளை எல்லாம் சோற்றோடு விழுங்கினேன். அவள் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொன்னாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ம்” என்றேன்.

இன்னொரு வாக்கியம் சொன்னாள். எனக்கு ஜெர்மன் நன்றாகவே புரியும். அன்றைக்கு அதைப் புரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டு, குழம்பு ஆறிப்போகிற வரைக்கும் ‘ம்’ கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.